யுபிக்விட்டின் ஏற்றுவதற்கு ஒரு சொல்

பாடநூல் மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். இளநிலை விலங்கியல் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. யுபிக்விட்டின் 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். மூன்று நொதிகள் கைமாற்றி அதை இன்னொரு புரதத்தின் லைசின் என்ற அமினோ அமிலத்தில் சேர்க்கின்றன. இந்தச் செயலை முந்தைய வரைவில் ‘அழிகுறியிடல்’ என்று எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டுமா?

உயிர்வேதியியல் ஆசிரியர்:
வேண்டாம் ஐயா. என்எஃப்-கப்பா-பி என்பது மரபணுக்களை இயக்கும் புரதம்; அதைத் தூண்டும் சமிக்ஞைப் பாதையைப் பாருங்கள். முதலில் டிராஃப்6 என்ற நொதி, யுபிக்விட்டினிலேயே உள்ள 63ஆம் லைசின் வழியாக யுபிக்விட்டின் சங்கிலியை வளர்க்கிறது. அதில் எதுவும் சிதைவதில்லை. பாஸ்பேட் சேர்க்கும் நொதியான டாக்1 கைனேஸின் கூட்டம் அந்தச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு வேலையைத் தொடங்குகிறது. அப்புறம் என்எஃப்-கப்பா-பியைத் தடுத்து வைத்திருக்கும் ஐகப்பா-பி புரதத்தின் மேல் பாஸ்பேட் சேர, 48ஆம் லைசின் வழியாக வளரும் சங்கிலி அதன்மேல் ஏறுகிறது. அந்த ஐகப்பா-பியைத்தான் செல்லின் புரதச் சிதைப்பு எந்திரமான புரோட்டியசோம் சிதைக்கிறது. தடை விலகி, என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் போகிறது. ‘அழிகுறி’ என்று படித்த மாணவருக்கு இதில் முதல் பாதி புரியவே புரியாது.

தமிழாசிரியை:
அப்படியானால் ‘பொறித்தல்’. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் பண்டங்களில் ‘புலி பொறித்துப் புறம்போக்கி’ விடுகிறார்கள். அழிக்க இட்ட பொறி அல்ல அது, போகவிட இட்டது. பொறி என்றால் புள்ளி, வரி, எழுத்து, அடையாளம். சேரன் இமயத்தில் வில்லைப் பொறித்ததும் இதே சொல்தான்.

உயிர்வேதியியல் ஆசிரியர்:
அழகான சொல் அம்மா. ஆனால் பொறித்ததைக் கழற்ற முடியாது; யுபிக்விட்டினைக் கழற்றவே தனி நொதிகள் உண்டு. சி.ஒய்.எல்.டி. என்ற நொதி 63ஆம் வகைச் சங்கிலியை வெட்டி இதே பாதையை அடக்குகிறது. ஆக்சிஜனேற்றம், ஹைட்ரஜனேற்றம் எல்லாம் பள்ளியிலேயே பழகியவை. ‘யுபிக்விட்டினேற்றம்’, ‘யுபிக்விட்டின் நீக்கம்’ என்று இணையாக வைக்கலாம்.

அகராதித் தொகுப்பாளர்:
பாதிதான் தமிழ். எங்கும் இருப்பதால் வந்த பெயர்தானே? ‘எங்குமி’ என்போம், ‘எங்குமியேற்றம்’ என்போம். ‘சமிக்ஞை’யையும் ‘குறிகை’ ஆக்குங்கள்.

உயிர்வேதியியல் ஆசிரியர்:
பாக்டீரியாக்களில் யுபிக்விட்டின் இல்லை ஐயா. ‘எங்குமி’ என்றால் தேர்வில் அவற்றிலும் இருப்பதாக எழுதிவைப்பார்கள்.

அகராதித் தொகுப்பாளர்:
மூலப்பெயரிலும் அதே குறை உண்டு. அதை ஏற்பவர்கள் தமிழுக்கு மட்டும் ஏன் கறார் காட்டுகிறீர்கள்?

பாடநூல் மொழிபெயர்ப்பாளர்:
நேரமில்லை, மன்னிக்கவும். ‘யுபிக்விட்டினேற்றம்’ என்றே அனுப்புகிறேன். ‘குறிகை’யைச் சொல்லடைவில் சேர்த்துவிட்டேன்.

தமிழாசிரியை:
சரி, அச்சிடுங்கள். ஆனால் ‘ஏற்றம்’ சேர்ந்ததை மட்டும்தான் சொல்கிறது. அதனால் போகும் செய்தியைச் சொல்லவில்லை. மறுபதிப்பின்போது ‘பொறித்தல்’ பற்றி மறுபடியும் எழுதுவேன்.