சங்கச் செயலாளர் பொறுப்பை ஏற்க எவரும் முன்வரவில்லை: நான் ஏற்கலாமா?

கேள்வி (தாம்பரம் மாநகராட்சிப் பகுதி வாசகி):

எங்கள் நகரில் 86 வீடுகள் உள்ளன. குடியிருப்போர் நலச் சங்கம் முறைப்படி பதிவு செய்யப்பட்டது. ஆனால் கடந்த பதினோரு ஆண்டுகளாக ஒரே பெரியவர்தான் செயலாளராக இருந்து, குழாய் உடைப்பு முதல் தெருவிளக்கு வரை அனைத்தையும் தனியாகச் சுமந்து வந்தார். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் விலக விரும்புகிறார். சென்ற மாதம் நடந்த பொதுக்குழுவுக்கு 19 பேர் வந்திருந்தார்கள். அடுத்த செயலாளர் யார் என்று தலைவர் கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்; ஒருவர் மட்டும் காபி வந்துவிட்டதா என்று விசாரித்தார்.

நான் பள்ளி ஆசிரியை. முன்வரலாம் என்று தோன்றுகிறது. ஆயினும் பணப் பொறுப்பை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவிலும் குறை சொல்பவர்களை எப்படிச் சமாளிப்பது என்பதும் புரியவில்லை. ‘பெண்ணுக்கு இந்த அலைச்சல் எதற்கு’ என்று என் மாமியார் கேட்கிறார். இப்படிப்பட்ட பொறுப்பை ஏற்று நடத்தியவர்கள், ஏற்பதற்கு முன் எவற்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று தயவுசெய்து கூறுங்கள்.

பதில் 1 (மதுரை, முன்னாள் சங்கச் செயலாளர்):

அம்மா, தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஏடுகளைப் பார்க்காமல் சம்மதம் சொல்லாதீர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி செயற்குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுவதற்குத் தடை இல்லை. ஆகவே அந்தப் பெரியவர் பதினோரு ஆண்டுகள் பதவியில் இருந்தது தவறாகாது. ஆனால் இடையில் ஒவ்வொரு முறையும் பொதுக்குழு கூடி அவரைத் தேர்ந்தெடுத்ததற்குத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பல சங்கங்களில் ‘அவரே தொடரட்டும்’ என்று கைதட்டியதோடு சரி. எழுத்தில் ஒன்றும் இருக்காது.

அடுத்தது மாவட்டப் பதிவாளர் அலுவலகம். ஆண்டுதோறும் வரவுசெலவுக் கணக்கும், நிர்வாகிகள் மாறும்போது படிவம் 7-உம் அங்கே தாக்கல் செய்யப்பட்டிருக்க வேண்டும். நான் பொறுப்பேற்றபோது நான்கு ஆண்டுக் கணக்கு தாக்கலாகாமல் கிடந்தது. அதைச் சரிசெய்யவே முதல் எட்டு மாதங்கள் போயின. அதுவரை வங்கிக் கணக்கில் கையொப்பத்தை மாற்ற முடியாமல், காவலாளியின் சம்பளத்தை நானும் பொருளாளரும் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தோம். அந்த நிலை உங்களுக்கு வர வேண்டாம். நிலுவை ஏதேனும் இருந்தால் அது எந்த ஆண்டுகளுக்குரியது என்பதைத் தெளிவாக எழுதி, பழைய நிர்வாகிகளும் புதிய நிர்வாகிகளும் கையொப்பமிட்ட ஒப்படைப்புக் குறிப்பு ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள். பெரியவர் மனம் வருந்துவாரோ என்று தயங்க வேண்டாம். அது அவருக்கும் பாதுகாப்புதான்.

பதில் 2 (கோவை, சங்கப் பொருளாளர்):

மேலே ஐயா கூறியது சட்டப் பக்கம். எவரும் முன்வராததற்குக் காரணம் வேறு என்று நான் கருதுகிறேன். ஒருவர் பதினோரு ஆண்டுகள் தனியாகச் சுமந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள், அதே மூட்டையைத் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள எப்படி முன்வருவார்கள்? மூட்டையைப் பிரித்துவிட்டு ஆள் தேடுங்கள்.

எங்கள் சங்கத்தில் சுமார் பதினைந்து வீடுகளுக்கு ஒருவர் வீதம் தெருப் பிரதிநிதிகளை அமர்த்தினோம். சந்தா வசூலும் தெருவிளக்குப் புகாரும் அவர்கள் வேலை. மாநகராட்சிக்கு மனு எழுதுவதை ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர் ஒருவர் ஏற்றார். அவர் எழுதும் மனுவின் நடையைக் கண்டாலே அதிகாரிகள் நாற்காலி போடுகிறார்கள். வரவுசெலவைக் கணினியில் ஏற்றுவது கல்லூரி மாணவி ஒருத்தியின் பொறுப்பு. ‘செயலாளராக வாருங்கள்’ என்றபோது ஓடியவர்கள், ‘மாதம் இரண்டு மணி நேரம் இந்த ஒரு வேலையை மட்டும் பாருங்கள்’ என்றதும் ஒப்புக்கொண்டார்கள்.

கைபேசித் தொல்லைக்கு ஒரு வழி உண்டு. சங்கத்தின் பெயரில் தனி எண் ஒன்றை வாங்கி, பதவி மாறும்போது அந்த எண்ணும் கைமாறும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்குப் பின் அதை அணைத்துவிடலாம். குழாய் உடைந்து தெருவே வெள்ளக்காடானாலொழிய மற்ற எதுவும் காலை வரை காத்திருக்கும்.

வாடகைக்குக் குடியிருப்போருக்கு உங்கள் சங்கத்தில் உறுப்பினர் தகுதி உண்டா? எங்கள் பழைய விதிகளில் வீட்டு உரிமையாளருக்கு மட்டுமே இடம் இருந்தது. நகரிலேயே நாள் முழுவதும் இருந்து தண்ணீர்க் கஷ்டத்தைப் பட்டவர்களோ பெரும்பாலும் வாடகைதாரர்கள். சிறப்புத் தீர்மானம் போட்டு விதியைத் திருத்திய பிறகுதான் உழைக்கக்கூடிய பலர் கிடைத்தார்கள்.

மாமியாரைக் கூட்டத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். என் மாமியார் இப்போது எங்கள் தெருப் பிரதிநிதி.

பதில் 3 (சென்னை வாசகர்):

உற்சாகத்தைக் கெடுப்பதாக எண்ண வேண்டாம். குப்பை, வடிகால், தெருவிளக்கு மூன்றும் நாம் வரி கட்டிப் பெற வேண்டிய சேவைகள். சங்கம் அவற்றைத் தானே செய்யத் தொடங்கினால், மாநகராட்சி மெல்ல ஒதுங்கிக்கொள்ளும். 1989-இல் சென்னையில் எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பு தொடங்கிய காலத்தில், தெருவாசிகளே மாதச் சந்தா கொடுத்து, மூன்று சக்கர வண்டியுடன் ஆள் அமர்த்திக் குப்பையை அகற்றியது பெரிய மாற்றம்தான். அன்று அதற்குத் தேவை இருந்தது. ஆனால் அதையே நிரந்தர ஏற்பாடாக்குவது சரியல்ல என்பது என் கருத்து.

செயலாளரின் நேரம் கேள்வி கேட்பதில் செலவாகட்டும். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுக்களும், வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடித் தங்கள் குறைகளைச் சொல்லும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று, உங்கள் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். உங்கள் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று மாமன்ற உறுப்பினரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். நான் பேசிய பல சங்க நிர்வாகிகளுக்கு இப்படி ஒரு சபை இருப்பதே தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தேர்தல் நெருங்கும்போது சங்கக் கட்டடத்துக்கு நன்கொடையும் மேடையில் பொன்னாடையும் வரும். எந்தக் கட்சியிடமிருந்தும் பெறுவதில்லை என்று இப்போதே தீர்மானம் போட்டுவிடுங்கள். அப்போது மறுப்பது நீங்களாக இராது, தீர்மானமாக இருக்கும்.

பதில் 3-க்கு மறுமொழி (பதில் 1 எழுதியவர், மதுரை):

சென்னை நண்பர் சொல்வதில் பாதியைத்தான் ஏற்கிறேன். 2019 கோடையில் தாம்பரம் அருகே சிட்லபாக்கம் ஏரியைத் தூய்மைப்படுத்தக் குடியிருப்போரே இறங்கினார்கள். அரசு அந்த ஏரியின் சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் ஒதுக்கியதும் அதே ஆண்டில்தான். கையில் மண்வெட்டியுடன் கேட்கப்படும் கேள்விக்குச் சற்று விரைவாகப் பதில் கிடைக்கிறது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி:

அனைவருக்கும் நன்றி. நேற்று ஏடுகளைப் பார்த்தேன். கடைசியாகக் கணக்கு தாக்கலாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பணத்தில் ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை. ஆகையால் மார்ச் வரை இணைச் செயலாளராக இருந்து பெரியவருடன் சேர்ந்து நிலுவையை முடிப்பதாகவும், தெருப் பிரதிநிதிகள் ஆறு பேர் கிடைத்தால் ஏப்ரலில் செயலாளர் பொறுப்பை ஏற்பதாகவும் செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை நான்கு பேர் சம்மதித்துள்ளனர். காபி கேட்டவரும் அவர்களில் ஒருவர்.

பெரியவரின் மனைவியிடம் கோப்புகளை எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டேன். ‘இன்றைக்கே எடுத்துக்கொண்டு போ அம்மா, பீரோவில் புடவை வைக்க இடமில்லை’ என்றார்.