பத்து விளக்கு போட்டால் விமானம் மறையுமா?

கொக்குப்பார்வை: நேற்று இங்கே ஒருவர் "கண்ணுக்கு மறையும் விமானம் சுத்தக் கதை, யாராலும் முடிந்ததில்லை" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். 1943-இல் அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தாக்கப் போகும் அவெஞ்சர் விமானத்தின் இறக்கை முன்விளிம்பிலும் என்ஜின் மூடியைச் சுற்றியும் பத்து விளக்குகளைப் பொருத்தியது. யெஹூதி விளக்குகள் என்று பெயர். சாதாரண அவெஞ்சர் சுமார் 19 கிலோமீட்டரிலேயே கண்ணில் படும். விளக்கு எரிந்தபோது ஏறக்குறைய 3 கிலோமீட்டருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கரும்பருந்து: எழுதியது நான்தான் தம்பி. நேர் எதிரே நின்றால் தெரியாது, சரி. பக்கவாட்டில்?

கொக்குப்பார்வை: நீர்மூழ்கியில் காவலுக்கு நிற்பவன் விமானத்தைப் பார்த்துவிட்டால் அரை நிமிடத்தில் அது தண்ணீருக்குள் போய்விடும். அதற்குள் பாய்ந்து வரத்தான் அந்த விளக்கு. நேராக வரும் விமானத்துக்குப் பக்கவாட்டு எதற்கு? தம்பி என்று கூப்பிட வேண்டாம், எனக்கு 52 வயது.

கரும்பருந்து: கடலில் ஒரே ஒரு கப்பலா இருக்கும்? பக்கத்துக் கப்பல்காரன் பக்கவாட்டில்தானே பார்ப்பான்? பெயின்ட் அடித்தால் போதாதா?

உப்புக்காற்று: எவ்வளவு தூரத்தில் தெரியாவிட்டால் 'மறைவு' என்று முதலில் பேசிக்கொள்ளலாமே. பிரிட்டன் 1941-இல் நீர்மூழ்கி வேட்டை விமானங்களுக்கு வெள்ளை பூசியதும் மறைப்புதானே?

கொக்குப்பார்வை: பெயின்ட் போதாது. வெள்ளைக் கொக்கு தலைக்கு மேல் பறக்கும்போது அண்ணாந்து பாருங்கள். வெளிச்ச வானத்தில் அதன் வயிறு கறுத்துத்தான் தெரியும். எவ்வளவு வெள்ளை பூசினாலும் நிழல் நிழல்தான். அந்த இருட்டை வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ற விளக்குதான் நிரப்பும். உடம்பு முழுக்க வைத்தால் மின்சாரம் கட்டுப்படியாகாது. அதனால்தான் ஒளியை முன்பக்கம் மட்டும் குறுக்கிவிட்டார்கள்.

கரும்பருந்து: ஆக, பக்கவாட்டில் தெரியும். அதைச் சொல்ல இவ்வளவு நீட்டலா? போரில் ஒருநாளாவது பயன்பட்டதா? ரேடார் வந்ததும் மூட்டை கட்டிவிட்டார்கள்.

கொக்குப்பார்வை: ரேடாரால் தேவையில்லாமல் போனது வேறு, வேலை செய்யாமல் போனது வேறு. கதைதான் என்றால் 1973-இல் எஃப்-4 பேன்டம் போர் விமானத்தில் மறுபடி ஏன் விளக்கு மாட்டினார்கள்? கம்பஸ் கோஸ்ட் திட்டம், நீலமும் வெள்ளையும் கலந்த பூச்சு. கண்ணில் படும் தூரம் 30 சதவீதம் வரை குறைந்தது.

கரும்பருந்து: பேன்டமா! அதன் என்ஜின் விடும் கரும்புகை பல மைலுக்குத் தெரியும். பக்கவாட்டில் இன்னும் நன்றாக.

கொக்குப்பார்வை: புகை என்ஜினின் குற்றம், விளக்கின் குற்றமா? போன மாதம் மிக்-21 பேச்சிலும் நீங்கள் இப்படித்தான் தாவினீர்கள். நான் மறக்கவில்லை.

உப்புக்காற்று: கனடா சிஎஃப்-18 விமானத்தின் அடிவயிற்றில் விமானி அறை மாதிரியே வரைந்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எதிரி குழம்புவான். பக்கவாட்டுக்கும் ஏதோ ஒரு பதில்.

கொக்குப்பார்வை: அது குழப்புவது ஐயா, மறைப்பது இல்லை. நான் பேசுவது விளக்கைப் பற்றி. 19 எங்கே, 3 எங்கே! இந்தக் கணக்குக்கு இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கரும்பருந்து: பக்கவாட்டில் எத்தனை கிலோமீட்டர்? அந்தக் கணக்கையும் எடுத்து வாருங்கள். மிக்-21 பேச்சில் தாவியது யார் என்று பழைய பக்கத்தைப் புரட்டிவிட்டு நானும் வருகிறேன்.