ஓப்பன் டி சுருதி: டியூனர் பச்சை காட்டியும் மேஜர் கேட்கவில்லையே, ஏன்?

புதுக்கம்பி:
வணக்கம். கிட்டார் வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. வழக்கமான சுருதியில், அதாவது ஆறாம் கம்பியிலிருந்து இ-ஏ-டி-ஜி-பி-இ, பத்துப் பன்னிரண்டு கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகளை)த் தடுமாறாமல் வாசிப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை ஓப்பன் டி வைத்துப் பார்த்தேன். டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று சேர்த்துவிட்டால் இடது கை சும்மா இருந்தாலும் ஆறு கம்பியும் சேர்ந்து டி மேஜர் ஒலிக்கும் என்று படித்தேன்.

எனக்கு ஒலிக்கவில்லை. அபசுரம் என்றும் சொல்ல முடியாது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதியில் நிறுத்திய பேச்சைப் போல அந்தரத்தில் நிற்கிறது. ஐந்தாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த பட்டைகளில் ஐந்தாவது) ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்தால் ஜி மேஜர் வர வேண்டுமாம். அங்கேயும் அதே அந்தரம்.

கிட்டாரின் தலைப்பகுதியில் மாட்டும் டியூனர் (சுருதி காட்டும் கருவி) வைத்திருக்கிறேன். ஆறு கம்பிக்கும் பச்சை விளக்கு எரிந்தது. மூன்றாம் கம்பி மட்டும் படாத பாடு படுத்தியது. கொஞ்சம் தளர்த்தினால் முள் இடது ஓரத்துக்குப் போய்ச் சிவப்பு எரிகிறது. பச்சை வரும்வரை விடாமல் திருத்தினேன். இன்னொரு வேடிக்கை, முதல் கம்பியைத் தளர்த்தும்போது திரையில் '4டி' என்று வந்தது. நான் தொடுவது ஒன்றாம் கம்பி, அது நாலு என்கிறது.

கூடுதலாக இரண்டு தொல்லைகள். கடைசிக் கம்பியை முடித்துவிட்டு முதலில் சேர்த்தவற்றைப் பார்த்தால் அவை நகர்ந்திருக்கின்றன. ஆறாம் கம்பி ஃபிரெட்டில் பட்டு 'ஜ்ர்ர்' என்கிறது. கிட்டாரில் கோளாறா, என்னிடமா?

பழையமரம்:
கம்பி மாற்றி எவ்வளவு நாள் ஆயிற்று? துருப்பிடித்த கம்பியில் எந்தச் சுருதியும் நிற்காது. டியூனரில் ஏ சுரத்தின் அளவு 440 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பொத்தானில் கை பட்டு 435, 432 என்று மாறிவிடுவதுண்டு.

புதுக்கம்பி:
கம்பி மூன்று வாரம்தான் ஆகிறது. 440தான் காட்டுகிறது.

ஆறாவதுவிரல்:
440 மாறியிருந்தால் ஆறு கம்பியும் ஒன்றாகத்தான் இறங்கியிருக்கும், கார்டின் குணம் மாறியிருக்காது. ஆகவே அது இல்லை. விடை உங்கள் கேள்விக்குள்ளேயே கிடக்கிறது, அந்த '4டி'.

உங்கள் டியூனர் கிட்டார் முறையில் இருக்கிறது. அந்த முறையில் அதற்கு ஐந்து சுரங்கள்தான் தெரியும்: இ, ஏ, டி, ஜி, பி. முதல் கம்பியை டிக்கு இறக்கினீர்கள். அதற்குத் தெரிந்த டி நான்காம் கம்பி மட்டுமே, அதனால் '4டி' என்றது. இரண்டாம் கம்பிக்கு '5ஏ' என்று காட்டியிருக்குமே? எஃப் ஷார்ப் என்ற சுரமே அதன் உலகத்தில் கிடையாது. நீங்கள் சரியாக எஃப் ஷார்ப்பில் நின்றபோதெல்லாம், 'இது அரைச் சுரம் (ஒரு ஃபிரெட் அளவு) இறங்கிப்போன ஜி' என்று முள்ளைச் சாய்த்துச் சிவப்புக் காட்டியிருக்கிறது. நீங்களும் நல்ல பிள்ளையாகப் பச்சை வரும்வரை ஏற்றியிருக்கிறீர்கள். பச்சை வந்த இடம் ஜி.

நம்பிக்கை வரவில்லையென்றால் நான்காம் கம்பியின் நான்காம் ஃபிரெட்டை அழுத்திப் பாருங்கள். வெறும் மூன்றாம் கம்பியும் அதே ஒலி தந்தால் ஓப்பன் டி. ஐந்தாம் ஃபிரெட்டில்தான் இரண்டும் ஒன்றாகின்றன என்றால், உங்கள் கையில் இருப்பது டி-ஏ-டி-ஜி-ஏ-டி. தெரியாமலேயே புகழ்பெற்ற இன்னொரு சுருதிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள். டேவி கிரஹாம் என்ற ஆங்கிலேயக் கலைஞர் 1960களின் தொடக்கத்தில் மொராக்கோவில் ஊத் என்ற அரபு நரம்பிசைக் கருவி வாசிப்பவர்களோடு ஒத்துப்போக இதைக் கையாண்டார். பியர் பென்சூசன் என்ற பிரெஞ்சு கிட்டார் கலைஞர் தம் வாசிப்பு முழுவதையும் இதன்மேல்தான் கட்டியிருக்கிறார்.

பொத்தானை அழுத்தி 'குரோமேட்டிக்' முறைக்கு மாற்றுங்கள். பன்னிரண்டு சுரமும் தெரியும். எஃப் ஷார்ப் 185 ஹெர்ட்ஸ், ஜி 196.

வீணைவீட்டுக்காரி:
கிட்டார் எனக்கு அவ்வளவாக வராது. வீணை பதினாறு ஆண்டுகளாக வாசிக்கிறேன், அந்தக் கணக்கில் சொல்கிறேன். டியை ஷட்ஜமாக வையுங்கள். நீங்கள் தேடியது ச-ப-ச-க-ப-ச. அந்தக் காந்தாரம் அந்தர காந்தாரம், மேஜர் என்ற நிறமே அதனால்தான் வருகிறது. உங்களுக்குக் கிடைத்ததோ ச-ப-ச-ம-ப-ச. காந்தாரம் இருந்த இடத்தில் சுத்த மத்தியமம் வந்து உட்கார்ந்துவிட்டது. காந்தாரமே இல்லாத இடத்தில் ராகம் சங்கராபரணமா கரகரப்பிரியாவா என்று எப்படிச் சொல்வது? நீங்கள் சொன்ன 'அந்தரம்' அதுதான். காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

தம்புராவோடு வளர்ந்தவர்களுக்கு இது குறையாகவே படாது. ஷட்ஜமும் பஞ்சமமும் நிற்கட்டும், காந்தாரத்தை ராகம் கொண்டுவரட்டும். என்னைக் கேட்டால் அந்த எஃப் ஷார்ப்பை மறந்துவிடுங்கள் என்பேன்.

ஆறாவதுவிரல்:
அம்மா, அவர் கேட்டது ஓப்பன் டி! வெறும் கம்பிகளில் டி, விரலைப் படுக்கவைத்து 5இல் ஜி, 7இல் ஏ என்று மூன்று கார்டுகளை அவர் முதலில் வாசித்து மகிழட்டும். விரலில் மாட்டிக் கம்பிமேல் வழுக்கும் ஸ்லைடு குழாய் வைத்து வாசிப்பவருக்கு அந்தக் காந்தாரம் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

பழையமரம்:
440ஐக் குறை சொன்னதற்கு மன்னிக்கவும். மற்ற இரண்டு தொல்லைகளுக்கு என் அனுபவம்.

ஓப்பன் டிக்கு ஆறு, இரண்டு, ஒன்று ஆகிய மூன்று கம்பிகளும் முழுச் சுரம் இறங்குகின்றன, மூன்றாவது அரைச் சுரம். ஒரு கம்பியின் இழுவிசை அதன் அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. முழுச் சுரம் இறங்கினால் ஏறக்குறைய 21 சதவீத இழுவிசை போய்விடும், அரைச் சுரத்துக்கு 11. நான்கு கம்பிகள் இப்படித் தளர்ந்தால், முன்புறம் வளைந்து நின்ற கழுத்து கொஞ்சம் நிமிரும். நீங்கள் தொடவே தொடாத ஏயும் டியும் தாமாகவே ஏறும். எனவே ஒரு சுற்றில் முடியாது. முதல் சுற்றில் தோராயமாக இறக்கிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து இரண்டாம் சுற்றில் துல்லியம் பாருங்கள். இறக்கும்போது சுரத்தைத் தாண்டிக் கொஞ்சம் கீழே போய், அங்கிருந்து ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கியபடியே விட்டால் முறுக்காணியில் மிச்சம் இருக்கும் தளர்ச்சி வாசிக்கும்போது வெளியே வரும். கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் வெள்ளைப் பட்டையின் காடியில் பென்சில் கரியைத் தேயுங்கள். 'டிக்' என்று சத்தம் கேட்டுச் சுரம் தாவுவது நிற்கும்.

'ஜ்ர்ர்' சத்தத்துக்கும் காரணம் அதே தளர்ச்சிதான். தொய்ந்த கம்பி அகலமாக ஆடும், நிமிர்ந்த கழுத்து அதற்கு இடம் கொடுக்காது. ஆறாம் கம்பியை மெதுவாகத் தொட்டாலே பாதி குறையும். எப்போதும் இந்தச் சுருதிதான் என்று முடிவானால் தடித்த கம்பிக் கட்டு போடுங்கள். உங்களிடம் 12 எண் கட்டு இருந்தால் 13 (முதல் கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைத் திருகாதீர்கள். நான் ஒருமுறை திருகினேன். சரிசெய்து வாங்க 900 ரூபாய் ஆயிற்று.

ஒரு எச்சரிக்கை: இதே அமைப்பு இரண்டு அரைச் சுரம் உயரத்தில் ஓப்பன் இ என்று உண்டு. அதில் மூன்று கம்பிகளை ஏற்ற வேண்டும். முழுச் சுரம் ஏறினால் இழுவிசை 26 சதவீதம் கூடும், அக்கூஸ்டிக்கில் வேண்டாம். ஓப்பன் டி வைத்து இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டினால் அதே சுரங்கள் கிடைக்கும்.

புதுக்கம்பி:
ஆறாவதுவிரல் சொன்னது அப்படியே சரி. ஐந்தாம் ஃபிரெட்டில்தான் இரண்டும் ஒன்றாயின! குரோமேட்டிக் முறைக்கு மாற்றி எஃப் ஷார்ப் வைத்தேன். வருடியவுடன் டி மேஜர். அடுத்த அறையில் இருந்த அக்கா, "இப்போதுதான் பாட்டு மாதிரி இருக்கிறது" என்றாள். இரண்டு சுற்றுச் சேர்த்ததில் அரை மணி நேரமாக நகரவில்லை. ஆறாம் கம்பி இன்னும் லேசாக முனகுகிறது, கை கனம்தான் காரணம் என்று தெரிகிறது.

பழைய சி, ஜி கார்டு வடிவங்கள் இதில் அலங்கோலமாக ஒலிக்கின்றன. எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டுமா?

ஆறாவதுவிரல்:
ஐந்தும் நான்கும் நகரவில்லை, அங்கே விரல் பழைய இடத்திலேயே இருக்கும். முழுச் சுரம் இறங்கிய மூன்று கம்பிகளில் விரலை இரண்டு ஃபிரெட் மேலே, அதாவது கிட்டாரின் உடல் பக்கம், தள்ளுங்கள், மூன்றாம் கம்பியில் ஒன்று. வெறுமனே விட்ட கம்பிக்கும் இதே கணக்குத்தான். சில வடிவங்களுக்கு விரல் எட்டாது. எட்டாதவற்றை விட்டுவிட்டுப் புதிதாகத் தேடுங்கள்.

புதுக்கம்பி:
தேடுகிறேன். வீணைவீட்டுக்காரி அம்மாவுக்கு மட்டும் ஒரு செய்தி: நேற்று இரவு மூன்றாம் கம்பியை மறுபடியும் ஜிக்கு ஏற்றிவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.