வைப்புப்பணம் யாருடைய பணம்? வாசிகசாலைக் கணக்கு அனுபவங்கள்

முன்னாள் பொருளாளர், வலிகாமம்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலைக்குப் பொருளாளராகத் தெரிவானபோது, முன்னிருந்தவரிடமிருந்து ஒரு காசேட்டையும் இரண்டு பற்றுச்சீட்டுப் புத்தகங்களையும் வங்கிப் புத்தகத்தையும் பொறுப்பேற்றேன். முந்திய ஆண்டின் வரவு செலவு அறிக்கை மிகை காட்டியிருந்தது. பொதுக்கூட்டமும் அதை ஒரு கேள்வியுமின்றி ஏற்றிருந்தது. மூன்று மாதம் கழித்து, குடும்பத்தோடு கனடாவுக்குப் புறப்படவிருந்த அண்ணை ஒருவர் நான்கு அங்கத்துவ அட்டைகளைக் கொண்டுவந்து வைத்து, நூல் இரவல் பெறுவதற்காகக் கட்டியிருந்த வைப்புப்பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டார். பெட்டியில் அவ்வளவு காசு இருக்கவில்லை. வங்கியில் இருந்ததோ பத்திரிகைக் கடைக்குக் கொடுக்க வேண்டிய நிலுவைக்கே போதாது. அவர் முகத்தைப் பார்த்து "அடுத்த கிழமை வாருங்கள் அண்ணை" என்று சொல்ல நேர்ந்தது இன்றும் எனக்கு வருத்தந்தான்.

அன்றிரவு காசேட்டை முதற்பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தேன். சந்தா, தாமதக் கட்டணம், பழைய பத்திரிகைகளை நிறுத்து விற்ற காசு, வைப்புப்பணம் ஆகிய நான்கும் ஒரே வரவு நிரலில் ஆண்டுக்கணக்காக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. ஒருவரும் ஒரு சதமும் எடுக்கவில்லை. ஆனால், அங்கத்தவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் வருமானமாகக் கணிக்கப்பட்டு, மின்கட்டணமாகவும் கதிரை திருத்திய கூலியாகவும் செலவாகியிருந்தது. சந்தா நிலையத்துக்குச் சொந்தமானது. வைப்புப்பணம் நிலையத்தின் பொறுப்பு, அதாவது கடன். இந்த வேறுபாடு ஏட்டில் இல்லாதபடியால் மிகையென்று காட்டப்பட்டது உண்மையில் குறைநிலையாகவே இருந்தது.

பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, யார் எப்போது எவ்வளவு கட்டினார் என்று தனியாக வைப்புப்பணப் பதிவேடு ஒன்றை எழுதினோம். வைப்புப்பணத்துக்கென வேறு சேமிப்புக் கணக்கைத் திறந்து, மாதந்தோறும் சந்தாவில் ஒரு பங்கை அதில் இட்டு, குறைந்திருந்த தொகையை நிரப்ப இரண்டு ஆண்டுகள் சென்றன. பதிவேட்டின் கூட்டுத்தொகையும் அந்தக் கணக்கின் மீதியும், வட்டி நீங்கலாக, ஒன்றாக இருக்கின்றனவா என்று மாத முடிவில் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. எவ்வளவு முடையிலும் அந்தக் கணக்கில் கைவைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஓய்வுபெற்ற கணக்கு எழுதுநர், யாழ்ப்பாணம்

மேலே எழுதியவர் சொன்ன குழப்பத்தை உள்ளூராட்சி மன்றம் ஒன்றின் நூலகத்திலும் நான் கண்டிருக்கிறேன். அங்கே என்னை மிகவும் அலைக்கழித்தது, நூற்கொள்வனவு முழுவதும் மார்கழி மாதத்தில் வந்து குவிவதாகும். மன்றங்களின் நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. செலவிடாத ஒதுக்கீடு அதோடு போய்விடும் என்ற அச்சத்தில், ஆண்டு முழுவதும் கிடந்த நூற்பட்டியல் கடைசிக் கிழமைகளில் அவசர அவசரமாகக் கட்டளையாக மாறும். கடைக்காரர் கையிருப்பில் உள்ளதைத் தருவார். பிள்ளைகள் கேட்ட நூல்கள் அதில் இரா. நூலகர் ஒவ்வொரு நூலையும் சேர்க்கைப் பதிவேட்டில், அதாவது நூலகத்துக்கு வந்துசேரும் நூல்களுக்கு வரிசை எண் இடும் ஏட்டில், பதிந்து, அந்தச் சேர்க்கை எண்களை விலைப்பட்டியலின்மேல் எழுதிய பின்னரே கொடுப்பனவு வவுச்சரை அத்தாட்சிப்படுத்த வேண்டும். அவசரத்தில் எண்கள் எழுதப்படாமல் பணம் கொடுபட்ட ஓர் ஆண்டில், கணக்காய்வாளர் நாயகத்தின் திணைக்களத்திலிருந்து வந்த ஐயவினாவுக்கு மறுமொழி எழுத, இறாக்கைகளில் இருந்த நூல்களை விலைப்பட்டியலோடு வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியதாயிற்று. அதன்பின் நானும் நூலகரும் பேசி, கொள்வனவை ஆண்டில் மூன்று தவணைகளாகப் பிரித்துக்கொண்டோம்.

அன்பளிப்பு நூல்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விலை கொடுக்கவில்லை என்பதற்காக விலை நிரலை வெறுமையாக விடுவது தவறு. மதிப்பிட்ட பெறுமதியை எழுதி, அது மதிப்பீடு என்பதையும் குறித்துவிட்டால், நூல் தொலைந்தால் எவ்வளவு அறவிடுவது என்ற கேள்விக்கு இடமிராது.

வாசிகசாலைப் பொறுப்பாளர், தென்மராட்சியில் இடம்பெயர்ந்திருந்தவர்

1995 ஒக்டோபர் 30 இல் போரினால் வலிகாமத்தை விட்டு எல்லோரும் புறப்பட்டபோது, எங்கள் வாசிகசாலையிலிருந்து நான் எடுத்துச் சென்றவை சேர்க்கைப் பதிவேடும் காசேடும் மாத்திரமே. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததைக் கண்ட தலைமுறை நாங்கள். எவை இருந்தன என்று எழுதிய ஏடு தவறினால் இழப்பைக்கூடச் சொல்லமுடியாது என்ற எண்ணமே அவற்றைப் பைக்குள் வைக்கச் செய்தது.

1996 இல் ஊர் திரும்பியபோது இறாக்கைகள் வெறுமையாக இருந்தன. வெளிநாட்டிலுள்ள ஊரவர்களிடம் உதவி கேட்க முற்பட்டபோது, அந்தப் பதிவேட்டை வைத்தே நூற்பெயர், பதிப்பகம், அன்பளித்தவர் என்று பட்டியல் எழுதினேன். விலைகளை மட்டும் அப்படியே எடுக்க முடியவில்லை; ரூபா மூன்றுக்கும் ஐந்துக்கும் வாங்கியவை அவை. வாங்கிய விலை ஒன்று, மீள வாங்கும் விலை வேறு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். ஆகையால் பட்டினத்துப் புத்தகக் கடைகளில் அன்றைய விலைகளைக் கேட்டு, பழைய விலைக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்தேன். பணம் அனுப்பியவர்களுக்கு எந்த நூல் எந்தத் தொகைக்கு வாங்கப்பட்டது என்று அந்தப் பட்டியலிலேயே கோடிட்டு, பற்றுச்சீட்டோடு பிரதி அனுப்பினோம்.