பங்குனி வெயில்ல நடக்குற அமெரிக்க ஃபுட்பால் லீக், அப்படி என்னதான் இருக்கு இதுல?

பாளைக்காரன்
அண்ணாச்சிமாரே ஒரு சந்தேகம். என் மச்சினன் அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல வேல பாக்கான், அங்க போயி ஃபுட்பால் பைத்தியம் புடிச்சிட்டு. நம்ம கால்பந்து இல்ல, ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு முட்டிக்கிடுவானுவல்லா அது. பெரிய லீக்கு என்எஃப்எல்லு செப்டம்பர்ல ஆரம்பிச்சு பிப்ரவரில சூப்பர் பவுலோட முடிஞ்சிருது, சரி. அதுக்கப்புறம் மார்ச் கடைசில யுஎஃப்எல்னு இன்னொண்ணு, எட்டே டீமு, அதுக்கும் டிக்கெட் எடுத்துப் போயி தொண்டைய கட்டிக்கிட்டு வாரான். பாதிப்பேரு என்எஃப்எல்ல கழிச்சு விட்டவனுவளாம். பந்தி முடிஞ்ச பொறவு எல போட்ட மாதிரில்லா இருக்கு? கேட்டா "ஒனக்குப் புரியாதுடே"ங்கான். யாராவது புரிய வைங்க.

சங்கர்நகர் கேலரி
தம்பி நீங்க சங்கர் நகர் கிரவுண்ட்ல டிஎன்பிஎல் பாத்ததில்லையா? அங்க என்ன கோலியா ஆடுனாரு, நாம போயி கத்தலையா. வருண் சக்கரவர்த்தி ஆர்கிடெக்டு, 2018ல மதுரை டீமுக்கு சுழல் போட்டாரு, அவங்க கப்பு அடிச்சாவ, அந்த வருசம் டிசம்பர் ஏலத்துல பஞ்சாப் 8.4 கோடிக்கு தூக்கிட்டு போயிட்டு. அதே கததான் அங்கனயும். பிராண்டன் ஆப்ரேனு ஒருத்தரு, மொதல்ல நம்ம மாதிரி கால்பந்து ஆடுனவரு, 2017ல டொராண்டோ டீம் எடுத்தும் சரியா வரல, சாஃப்ட்வேர் இஞ்சினியரா போயிட்டாரு. பொறவு பந்த ஒதைக்கப் பழகி 2022லயும் 2023லயும் பர்மிங்காம் ஸ்டாலியன்ஸுக்கு ஸ்பிரிங் லீக்ல, அதாவது வசந்த காலத்துல நடக்குற லீக்ல கிக்கரு, ரெண்டு வருசமும் கப்பு. அங்கேருந்து என்எஃப்எல் டீம் டல்லாஸ் கவ்பாய்ஸ். போன ஒடனே மொத 35 ஃபீல்டு கோலும் (கம்பத்துக்கு நடுவுல பந்த ஒதைச்சு விட்டா மூணு பாயிண்ட்) ஒண்ணு கூட வெளிய போவல, என்எஃப்எல்ல எவனும் அப்படி ஆரம்பிச்சதே கெடையாது.
உங்க மச்சினன் கத்துததுக்கு வேற காரணமும் உண்டு, அந்த ஊருல இருந்த என்எஃப்எல் டீம் ராம்ஸ 2016ல லாஸ் ஏஞ்சலஸுக்கு கொண்டு போயிட்டாவ, ஊருக்குன்னு டீமே இல்லாம கெடந்தாவ பாவம், அதான் 2024 சீசன்ல அந்த ஊரு யுஎஃப்எல் டீமு பேட்டில்ஹாக்ஸோட மொத உள்ளூர் மேட்சுக்கு 40 ஆயிரம் பேரு வந்து உக்காந்தது.

ஜங்சன் டீக்கடை
அண்ணாச்சி நல்ல கததான் ஆனா முழுசா சொல்லுங்க. இந்த ஸ்பிரிங் லீக்குன்னாலே ஆயுசு கெட்டி கெடையாது. 1983ல யுஎஸ்எஃப்எல் வந்துச்சு, ஜிம் கெல்லி, ஸ்டீவ் யங், ரெஜி ஒயிட்னு பொறவு ஹால் ஆஃப் ஃபேம்ங்குற ஜாம்பவான்க பட்டியலுக்கு போனவங்க எல்லாம் ஆடுனாவ, மூணு சீசன்தான். நம்ம டிரம்பு அப்ப அதுல ஒரு டீம் ஓனரு, ஸ்பிரிங்க விட்டுட்டு என்எஃப்எல் சீசன்லயே மோதணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. என்எஃப்எல் மேல கேஸு போட்டு 1986ல ஜெயிக்கவும் செஞ்சாவ, நஷ்டஈடு எவ்ளோ தெரியுமா, 1 டாலர், சட்டப்படி மூணு மடங்காக்கி 3 டாலர். அல்வா குடுத்துட்டாவ, அதுவும் நம்மூரு அல்வா இல்ல. எக்ஸ்எஃப்எல் 2001ல ஒரே சீசன், 2019ல ஏஏஎஃப் எட்டு வாரத்துல கடைய சாத்திட்டு, 2020ல மறுபடி எக்ஸ்எஃப்எல் அஞ்சு வாரம் ஓடுச்சு, கொரோனா வந்து முடிச்சிட்டு. இப்ப இருக்கதே ரெண்டு லீக்க ஒட்டுப்போட்டு 2024ல ஆரம்பிச்சதுதான். இத நம்பி எப்படிவே மனசு வைக்க?

சங்கர்நகர் கேலரி
செத்த லீக்குதான், ஆனா அந்த 2020 எக்ஸ்எஃப்எல் கிக்ஆஃப் முறைய, அதான் பந்த ஒதைச்சு ஆட்டத்த ஆரம்பிக்குற முறைய பாத்துதான் 2024ல என்எஃப்எல்லே தன் கிக்ஆஃப மாத்துச்சு. ரெண்டு பக்கமும் தூரத்துலேருந்து ஓடி வந்து மோதி மண்ட உடையுததுக்கு பதிலா கிட்டக்கிட்ட நிக்க வச்சிட்டாவ. சின்னக் கடையில பண்ணிப் பாத்த பலகாரத்த பெரிய கடைக்காரன் போர்டுல எழுதிட்டான், அவ்ளோதான்.

பதநீர் சீசன்
ரூல்ஸ் எல்லாம் எனக்கு ரெண்டாம்பட்சம். நான் ஒண்ணு சொல்லுதேன். 2024 ஈஸ்டர், ராத்திரி பூசைக்கு போயிட்டு ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வாரேன், தூக்கம் வரல, யுஎஃப்எல் மொத நாளு மேட்சு போட்டு விட்டேன், மிச்சிகன் பாந்தர்ஸ். கடைசி சில செகண்டு, மிச்சிகன் ஒரு பாயிண்ட் பின்னாடி. 64 யார்டு, அதாவது 58 மீட்டருக்கு மேல, ஒதைக்க வந்தவன் ஜேக் பேட்ஸ். காலேஜ்ல ஒரு ஃபீல்டு கோல் கூட அடிச்சது கெடையாது, அதுக்கு முன்னாடி செங்கல் வித்துட்டு இருந்த பய. ஒதைச்சான், உள்ள போயிட்டு. பாத்தா எதிர் டீம் டைம் அவுட் கேட்டுட்டானுவ, செல்லாது, திரும்ப ஒதைக்கணும். எனக்கு வயித்த கலக்கிட்டு. அவன் முகத்துல ஒரு மாத்தமும் இல்ல, வந்தான், அதே எடத்துலேருந்து திரும்பவும் ஒதைச்சான், திரும்பவும் உள்ள. 18-16. நான் போட்ட சத்தத்துல எங்க அம்மை எந்திரிச்சு வந்து கள்ளன் வந்துட்டானோன்னு கேக்காவ. அந்த வருசமே என்எஃப்எல் டீம் டெட்ராய்ட் லயன்ஸ் அவன எடுத்துக்கிட்டாவ, அவங்களுக்கும் அதே ஸ்டேடியம்தான். கோடி கோடியா வாங்கிட்டு ஆடுதவன்கிட்ட இந்த வெறி வராது டே, இவனுவளுக்கு ஒவ்வொரு பந்தும் இன்டர்வியூ.

பாளைக்காரன்
நன்றி அண்ணாச்சிமாரே. இப்ப லேசா புரியுது, இந்த வருசம் ஒரு மேட்சாவது பாக்கணும். அந்த செங்கல் கதைய மச்சினனுக்கு போன் போட்டு அப்படியே சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அன்னைக்கு 16 எடுத்து தோத்தது அவன் டீமாம்லா. போன வச்சிட்டான்.