புதுப்பிப்பு: அந்தத் தசை அழற்சி ஆவணத்துக்கு மருத்துவரின் பதில் வந்துவிட்டது

அமெரிக்க வெளிநோயாளி ஆவணம் ஒன்றில் ‘பாலிமயோசைட்டிஸாக (ஒரு வகைத் தசை அழற்சி) இருக்கலாம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. நோய்களுக்கு எண் தரும் ஐசிடி-10-சிஎம் பட்டியலில் எந்தக் குறியீடு தருவது என்று இங்கே கேட்டிருந்தேன். வெளிநோயாளிக்கு ‘இருக்கலாம்’ என்பதை நோயாகக் குறிக்க விதி இடம் தராது. ஆகவே தசைப் பலவீனத்துக்கான எம்62.81 தந்து, மருத்துவருக்குக் கேள்வி அனுப்பினேன்.

கேள்வியில் நான் எந்த நோயையும் முன்மொழியவில்லை. அவரே எழுதிவைத்தவற்றை மட்டும் எடுத்துக்காட்டினேன்: விரல்களை இறுக மடக்க முடியவில்லை, தொடையின் முன்தசை மெலிந்திருக்கிறது, விழுங்கச் சிரமம், ஸ்டீராய்டு கொடுத்தும் முன்னேற்றமில்லை.

தசைத் திசுப் பரிசோதனையில் விளிம்பு கட்டிய நுண்குமிழிகள் தெரிந்தனவாம். அதைக் கொண்டு, வேறொரு வகைத் தசை அழற்சியான இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ் என்று மருத்துவர் உறுதியாகப் பதிவுசெய்துவிட்டார். அந்த வருகைக்கு அந்நோயின் குறியீடான ஜி72.41. பலவீனத்தைத் தனியாகக் குறிக்க வேண்டியதில்லை, அது நோயிலேயே அடங்கிவிடுகிறது.

இந்த வேறுபாடு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பாலிமயோசைட்டிஸ் பெரும்பாலும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளுக்குக் கட்டுப்படும். இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ் பொதுவாகக் கட்டுப்படுவதில்லை. ஆவணத்தில் ஏறிய பெயர் அடுத்த மருத்துவரிடமும் நோயாளியோடு போகிறது.

வகை குறிப்பிடாத தசை அழற்சிக்கான எம்60.9 போதாதா என்று கேட்ட நண்பருக்கு: மருத்துவர் வெறும் ‘மயோசைட்டிஸ்’ என்று நிறுத்தியிருந்தால் மட்டுமே அது பொருந்தும்.