சொக் இழுத்தால் மட்டும் ஓடுகிற மோட்டார் சைக்கிள்: என் அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

ஆரையம்பதியான்:

போன மாரிக்கு எங்கள் ஒழுங்கைக்குள் வெள்ளம் நின்றதால் மூன்று கிழமை மோட்டார் சைக்கிளை அக்கா வீட்டுத் திண்ணையில் ஏற்றி வைத்திருந்தேன். 100 சிசி, பழைய வண்டி. தண்ணீர் வற்றியபின் உதைத்து உதைத்துக் கால்தான் நொந்தது. சொக்கை (குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ண இழுக்கிற பிடி) இழுத்தால் ஸ்டார்ட் ஆகும், தள்ளினால் நின்றுவிடும். சூடானால் சரியாகும் என்று நினைத்து ஒரு கிழமை பாதிச் சொக்கிலேயே மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலைக்கு வேலைக்குப் போய் வந்தேன். பாலத்தில் இறங்கும்போது அக்சிலேட்டரை விட்டால் சைலன்சருக்குள் பட் பட் என்று வெடிக்கும். தூண்டில் போட்டுக்கொண்டு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

வழியில் ஒரு கராஜில் காட்டினேன். அந்தத் தம்பி, காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற காபரேட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ஊசியை ஒரு காடி உயர்த்திப் பூட்டிவிட்டு, "இப்ப இழுவையைப் பாருங்க அண்ணன்" என்றார். இழுவை வந்தது, உண்மைதான். ஆனால் சொக் இல்லாமல் நிற்கிற வருத்தம் அப்படியே இருந்தது. லீற்றருக்கு 55 ஓடியது 40க்குக் கீழே இறங்கியது. பின்னால் வந்த மச்சான் "என்னடா, நுளம்புக்குப் புகை அடிக்கிறியா?" என்று கேட்டான்.

கடைசியில் கல்லடியில் வயதான ஒரு மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் காபரேட்டரைத் தொடவில்லை, முதலில் பொறி அடிக்கிற பிளக்கைத்தான் கழற்றினார். "மனே, இது பால்தேத்தண்ணி நிறத்தில இரிக்கணும். இது சட்டிக்கரி." கறுப்பு என்றால் பெற்றோல் கூட, வெள்ளை என்றால் பெற்றோல் குறைவு, அது எனக்கும் தெரியும். என் குழப்பம் வேறு. சொக் என்பது காற்றை அடைத்துப் பெற்றோலைக் கூட்டுவது. சொக் கேட்கிற வண்டிக்குப் பெற்றோல் பத்தவில்லை என்றுதானே அர்த்தம்? பிளக்கோ கூட என்கிறது. எதை நம்புவது?

"ரெண்டும் உண்மைதான்" என்றார்.

காபரேட்டரின் நடுக் குழாய் இடுங்கி இருக்கும். முகத்துவாரம் வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் அந்த ஒடுக்கத்தில் எப்படிப் பாய்கிறதோ, காற்றும் அங்கே அப்படிப் பாயும். வேகம் கூடுகிற இடத்தில் காற்றின் அழுத்தம் குறையும். கீழே கிண்ணத்தில் நிற்கும் பெற்றோல், பூச்சி மருந்து அடிக்கும் பம்பில் போல, அந்த இடத்துக்கு மேலே இழுபட்டுத் தூளாகிக் காற்றோடு எஞ்சினுக்குள் போகும். நிறையில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. அது எனக்கு ஓரளவு தெரிந்ததுதான். தெரியாதது, பெற்றோல் ஏறுகிற வழி ஒன்றல்ல என்பது. சும்மா நின்று இயங்கும்போது பைலட் ஜெட் என்ற சின்னத் துளையால் வரும். பாதி அக்சிலேட்டரில் எவ்வளவு வருகிறது என்பதை ஊசி பார்த்துக்கொள்ளும். முழுதாகத் திருகினால் மெயின் ஜெட்.

என் வண்டியில் மூன்று கிழமை தேங்கிய பெற்றோல் காய்ந்து பிசினாகிப் பைலட் ஜெட்டை அடைத்துவிட்டது. அதனால்தான் சொக்கும் அந்த வெடியும். அந்தத் தம்பி அதை விட்டுவிட்டு ஊசியை உயர்த்தியதால் ஓடும்போது பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போனது. அதனால் புகையும் கரியும். ஒரே காபரேட்டருக்குள் பஞ்சமும் வெள்ளமும்!

பாஸ் ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. காபரேட்டர் கிளீனரில் ஊறவிட்டு, மேசை லாச்சியிலிருந்து மீன் பிடிக்கிற தங்கூசி (நைலோன் நூல்) ஒரு துண்டு எடுத்து, மிக மெல்லியதை, நூல் கோப்பதுபோல உள்ளே விட்டு இழுத்தார். கம்பி விடவே மாட்டாராம், பித்தளைத் துளை பெருத்தால் அந்த ஜெட் குப்பைக்குத்தான். பிறகு ஊதிவிட்டு மறுபடி பிடித்தார். ஊசி முனை அளவில் வெளிச்சம், நல்ல வட்டமாக. ஊசியைப் பழைய காடிக்கு இறக்கி, சும்மா நின்று இயங்கும்போது போகிற காற்றைக் கூட்டிக் குறைக்கிற காற்று ஸ்குரூவை முழுதாக மூடி ஒன்றரைச் சுற்று திறந்தார். சொக் இல்லாமல் ஒரே உதையில் பிடித்தது. இப்போது மறுபடி 55 கொடுக்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து:

எனக்கு நடந்தது வேறு. காலையில் விறாந்தை முழுக்கப் பெற்றோல் மணம், வண்டிக்குக் கீழே ஈரம். கிண்ணத்துக்குள் மிதவை உயர்ந்ததும் பெற்றோலை அடைக்கிற ஊசி வால்வு தேய்ந்திருந்தது. அதைவிட மோசம், ஒயில் குச்சியை மணந்து பார்த்தால் அதிலும் பெற்றோல்! ஒயிலையும் மாற்ற வேண்டி வந்தது. இப்போதெல்லாம் இரவில் டாங்கித் திறப்பை மூடாமல் படுப்பதில்லை.

களுவாஞ்சிக்குடி:

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூஆர் குறியீட்டைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்த காலம் நினைவிருக்கும்தானே. அவசரத்துக்குப் போத்தலில் வாங்கி ஊற்றினேன். இரண்டு கிலோமீற்றரில் இழுத்து இழுத்து நின்றுவிட்டது. கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் ஸ்குரூவைத் திறந்து கண்ணாடிக் கிளாசில் பிடித்தேன். அடியில் தண்ணீர் தனியாக உருண்டு நின்றது. எந்த மெக்கானிக்கும் தேவைப்படவில்லை.

செங்கலடி:

பதுளை வழியாக நுவரெலியா போனபோது என் வண்டி மேலே ஏற ஏறச் சோர்ந்து கறுப்பாகப் புகைத்தது. காபரேட்டர் போய்விட்டது என்று பயந்துவிட்டேன். அங்கே உயரம் 1,800 மீற்றருக்கு மேல், காற்று ஐதாகிவிடும், ஆனால் ஜெட் துளை அதே துளைதானே, அதனால் காற்றுக்குப் பெற்றோல் கூடிப்போகும். திரும்பி வரும்போது பிபிலைக்கு இறங்கியதும் எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடியது. அங்கே ஸ்குரூவைத் திருகியிருந்தால் ஊருக்கு வந்து மறுபடி அவதிதான். திருகாமல் விட்டது என் கெட்டித்தனம் இல்லை, ஸ்குரூ டிரைவரை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தேன்.